வண்டி ரெடி... பிளக் எங்கே?



பெட்ரோல் விலையைப் பற்றி இந்தப் பக்கத்துல நாம எத்தனையோ தடவை எழுதியாச்சு. விலை ஏறினா கண்டனம், குறைக்கலைன்னா கேள்வி. இந்தத் தடவை கொஞ்சம் வேற மாதிரி. பெட்ரோலே போடாம வேலைக்குப் போயிட்டு வந்தா எப்படி இருக்கும்னு மூணு வாரம் ஓட்டிப் பார்த்துட்டு எழுதுறோம். ஓட்டினது இந்தப் பதிவை எழுதுற நான்தான்.

எதுக்கு இந்த வேலைன்னு கேக்கலாம். எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் விஷயத்துல நாம ஒரு நிலைப்பாடு எடுக்கணும்னா, கம்பெனி விளம்பரத்தைப் பார்த்து எடுக்கக் கூடாது. வாட்ஸ்அப்ல சுத்துற தீப்பிடிக்கிற வீடியோவைப் பார்த்தும் எடுக்கக் கூடாது. தினமும் வேலைக்குப் போற ஒரு சாதாரண ஆளுக்கு அது ஒத்து வருதா இல்லையா, அதுதான் கேள்வி.

என் நிலைமையைச் சொல்லிடுறேன். வீடு அம்பத்தூர் ஓ.டி. பக்கம், மாடி போர்ஷன், வாடகை. வேலை கிண்டி தொழிற்பேட்டையில. பாடி, திருமங்கலம், கோயம்பேடு, வடபழனி, அசோக் நகர்னு நூறடி ரோட்டைப் பிடிச்சுப் போகணும். போக 18 கிலோமீட்டர், வர 18. என் பழைய ஸ்கூட்டர் லிட்டருக்கு 45 கொடுக்கும். நம்ம பகுதித் தோழர் ஒருத்தர் ஊருக்குப் போனதால, தன்னோட எலெக்ட்ரிக் வண்டியை மூணு வாரத்துக்குக் கொடுத்துட்டுப் போனார். 3 கிலோவாட் அவர் பேட்டரி. முழுசா ஏத்தினா எனக்கு 85-லிருந்து 90 கிலோமீட்டர் வரைக்கும் ஓடுச்சு.

முதல்ல கணக்கைப் பார்ப்போம். மூணு வாரத்துல 18 வேலை நாள். மொத்தம் 648 கிலோமீட்டர். சார்ஜ் போட்ட இடத்துல வச்ச சப் மீட்டர் காட்டினது 25 யூனிட். வீட்டுக்காரர் எங்ககிட்ட வாங்குறது யூனிட்டுக்கு 9 ரூபாய். ஆக 225 ரூபாய். இதே தூரத்துக்கு என் பழைய வண்டி 14 லிட்டருக்கு மேல குடிச்சிருக்கும். லிட்டர் 100 ரூபாயைத் தாண்டி நிக்கிற ஊர்ல அது 1,450 ரூபாய் செலவு. மாசத்துக்குப் பார்த்தா கிட்டத்தட்ட 1,700 ரூபாய் மிச்சம். ஒரு குடும்பத்துக்கு கேஸ் சிலிண்டரும் பால் பாக்கெட்டும் வாங்குற காசு இது. சின்ன விஷயம் இல்ல.

ஓட்டுறதுக்கு எப்படி இருந்துச்சு? கோயம்பேடு சிக்னல்ல நின்னு நின்னு போறப்போ கைக்கு வலி இல்ல, புகை இல்ல, சத்தம் இல்ல. நிக்கும்போது மோட்டார் எதையும் குடிக்கிறதில்ல. பெட்ரோல் வண்டிக்கு எந்த நெரிசல் நஷ்டமோ, அந்த நெரிசல்ல இந்த வண்டி சிக்கனமா ஓடுது. கெட்டதும் சொல்லணும். சத்தமே இல்லாததால ரோட்டைக் கடக்குற பெரியவங்களுக்கு நாம வர்றது தெரியறதில்ல. ரெண்டு தடவை ஹாரன் அடிச்சு நிறுத்த வேண்டியதாப் போச்சு. பின்னாடி ஆள் உட்கார்ந்து, வேகமாவும் போனா, சார்ஜ் சட்டுனு இறங்குது.

கணக்கு இவ்வளவு நல்லா இருக்கேன்னு நாளைக்கே ஷோரூமுக்குக் கிளம்பிட வேணாம். இந்த அளவு பேட்டரி வச்ச வண்டி ஒரு லட்சத்தைத் தொடும், தாண்டவும் செய்யும். எப்படியும் புது வண்டி வாங்கியே ஆகணும்ங்கிற நிலைமைல இருக்கிறவருக்கு இது நல்ல கணக்கு. நல்லா ஓடிக்கிட்டிருக்கிற பெட்ரோல் வண்டியை வித்துட்டு, கடன் வாங்கி மாறினா, மிச்சமாகிற 1,700 ரூபாய் மாசத் தவணைக்கே பத்தாது. அரசு மானியமும் தேய்ஞ்சுகிட்டே வருது. 2021 ஜூனில் ஒரு கிலோவாட் அவர் பேட்டரிக்கு 15,000 ரூபாய் மானியம் கொடுத்த மத்திய அரசு, 2023 ஜூனில் அதை 10,000 ஆக்கியது. 2024 அக்டோபரில் வந்த பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் அது 5,000 ரூபாய்தான், அதுவும் முதல் வருஷத்துக்கு மட்டும். அடுத்த வருஷம் பாதி.

சரி, விலை ஒரு தடை. ஆனா மூணு வாரத்துல நான் முட்டிக்கிட்டு நின்ன பெரிய தடை அது இல்ல. ஒரு பிளக்.

முதல் நாள் ராத்திரி வண்டியைக் கொண்டு வந்து கீழே நிறுத்தினேன். நான் இருக்கிறது ரெண்டாவது மாடி. வண்டி பேட்டரி கழட்டுற மாதிரி இல்ல. கீழே இருக்கிற ஒரே பிளக் பாயின்ட் தண்ணி மோட்டாருக்குப் போட்டது, வீட்டுக்காரர் மீட்டர்ல ஓடுறது. அவர்கிட்ட கேட்டேன். "தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க, அதெல்லாம் நமக்கு வேணாம்"னு சொல்லிட்டார். காரணமும் சொன்னார். ஒண்ணு, பில். ரெண்டு, தீ.

அவர் மேல கோபப்பட்டுப் பிரயோஜனம் இல்ல தோழர்களே. ரெண்டு பயமும் நியாயமான பயம்தான்.

பில்லை எடுத்துக்குங்க. நம்ம மாநிலத்துல ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை ரீடிங். முதல் 100 யூனிட் இலவசம். அப்புறம் ஸ்லாப் ஸ்லாப்பா ஏறும். 500 யூனிட்டைத் தாண்டினா என்ன ஆகும்னு வீட்டு பில் கட்டுற எல்லாருக்கும் தெரியும், கணக்கே மாறிடும். ரெண்டு மாசத்துல 450 யூனிட் ஓடுற ஒரு மீட்டர்ல, என்னை மாதிரி ஒருத்தர் வண்டிக்கு 70 யூனிட் சேர்ந்தா, 520. அந்த 70 யூனிட்டுக்கு மட்டுமா காசு கூடும்? மொத்த பில்லும் எகிறும். அந்தச் சுமை யார் தலையில விழும்ங்கிறதுதான் அவர் கேள்வி.

தீ விஷயமும் அப்படித்தான். 2022 மார்ச்சில் வேலூரில், ராத்திரி வீட்டில் சார்ஜில் போட்டிருந்த எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் தீப்பிடித்து, புகையில் மூச்சுத் திணறி ஒரு தந்தையும் அவர் மகளும் இறந்து போனார்கள். அந்தச் செய்தியை யாராலும் மறக்க முடியாது. அந்த ஆண்டு நாடு முழுக்க நடந்த தீ விபத்துகளுக்குப் பிறகுதான் பேட்டரிக்கான பாதுகாப்பு விதிகள் கடுமையாக்கப்பட்டு, 2022 டிசம்பரிலும் 2023 மார்ச்சிலும் இரண்டு கட்டமாக அமலுக்கு வந்தன. இப்போ வர்ற வண்டிகள் அந்தச் சோதனையெல்லாம் தாண்டி வர்றவை. ஆனாலும் மோட்டார் பிளக்ல எக்ஸ்டென்ஷன் வயர் போட்டு, வீட்டுக்கு இருக்கிற ஒரே மாடிப்படிக்கு அடியில ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டா, எந்தச் சோதனையும் நம்மளைக் காப்பாத்தாது.

முதல் மூணு நாள் நான் என்ன செஞ்சேன் தெரியுமா? வேலை செய்யுற இடத்துல செக்யூரிட்டி அண்ணன்கிட்ட கெஞ்சி, அவர் ஃபேன் போடுற பிளக்ல சார்ஜ் ஏத்தினேன். நாலாம் நாள் எலெக்ட்ரீஷியனைக் கூட்டிக்கிட்டு வீட்டுக்காரர்கிட்ட போனேன். மாடிப்படியை விட்டுத் தள்ளி, கேட் ஓரமா, தனி வயர், தனி எம்.சி.பி., முறையான எர்த், ஒரு 16 ஆம்ப் பிளக், அதுக்கு ஒரு சப் மீட்டர். செலவு 2,800 ரூபாய், என் பாக்கெட்ல இருந்து. மீட்டர் காட்டுற யூனிட்டுக்கு மாசாமாசம் காசு. ஸ்லாப் ஏறினா அந்த வித்தியாசத்தையும் நானே தர்றேன்னு சொன்னேன். யோசிச்சார். "எழுதிக் கொடுத்துடுங்க தம்பி"ன்னார். எழுதிக் கொடுத்தேன். வேலை முடிஞ்சுது.

இப்போ நீங்களே சொல்லுங்க. எனக்கு நல்ல வீட்டுக்காரர் கிடைச்சார், கேட்டார், ஒத்துக்கிட்டார். ஒத்துக்கலைன்னா நான் எங்கே போயிருப்பேன்? நாளைக்கு நான் வீடு மாறினா, அந்த 2,800 ரூபாய் பிளக் அந்தச் சுவத்துலதான் இருக்கும். புது வீட்டுல மறுபடி முதல்ல இருந்து கெஞ்சணும்.

இந்த இடத்துலதான் இது தனி மனுஷன் பிரச்சினை இல்ல, அரசியல் பிரச்சினைன்னு சொல்றோம்.

சொந்த வீடு, கார் நிறுத்துற இடம், சுவத்துல பிளக் வச்சிருக்கிறவருக்கு மானியமும் கிடைச்சது, சாலை வரி விலக்கும் கிடைச்சது, பெட்ரோல் செலவும் மிச்சமாச்சு. 1,700 ரூபாய் மிச்சமானா குடும்பமே மூச்சு விடும்ங்கிற நிலைமைல இருக்கிற வாடகைக்காரருக்கு, பிளக் இல்லாத ஒரே காரணத்தால கதவு மூடியிருக்கு. பல வாடகை வீடுகள்ல 100 யூனிட் இலவச மின்சாரமே குடியிருப்பவர் கைக்கு வந்து சேர்றதில்ல. வீட்டுக்காரர் சொல்றதுதான் யூனிட் ரேட். அதே கதை இப்போ வண்டியிலயும் தொடருது.

இத்தனைக்கும் இந்த வண்டிகள் எங்கேயோ வெளிநாட்டுல இருந்து வர்றதில்ல. ஓசூர், கிருஷ்ணகிரி, ராணிப்பேட்டைன்னு நம்ம மண்ணுல, நம்ம பிள்ளைங்க கையால பூட்டப்படுறவை. எலெக்ட்ரிக் வண்டிக்கு 2019-லேயே தனிக் கொள்கை கொண்டு வந்த மாநிலம் இது. 2023-ல் அதைப் புதுப்பிக்கவும் செய்தது. முதலீடு வந்தது, ஆலை வந்தது, நல்லது. அந்த ஆலையில வண்டி பூட்டுற தொழிலாளி, தான் குடியிருக்கிற லைன் வீட்டுல அதே வண்டிக்கு சார்ஜ் போட முடியுமா? அந்தக் கேள்விக்கும் கொள்கையில பதில் வேணும்.

சட்டம் என்ன சொல்லுது? 2019-ல் மத்திய அரசு மாதிரிக் கட்டட விதிகளைத் திருத்தி, வண்டி நிறுத்துமிடத்தில் 20 விழுக்காட்டுக்கு சார்ஜிங் வசதி இருக்கணும்னு சொன்னது. அது புதுசா எழும்புற கட்டடத்துக்கு. நாம இருக்கிறது இருபது, முப்பது வருஷப் பழைய வீடு. தமிழ்நாட்டின் புது வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. வாடகைத் தகராறுன்னு சொல்லி மின்சாரத்தையும் தண்ணீரையும் நிறுத்தக் கூடாதுன்னு அதுல இருக்கு. சொந்தச் செலவுல ஒரு பிளக் போட்டுக்க அனுமதி கேட்கிற வாடகைக்காரருக்கு அதுல பிடிமானம் இல்ல.

அதனால நாம் முன்வைப்பது நான்கு கோரிக்கைகள்.

ஒன்று: சொந்தச் செலவில், தகுதி பெற்ற எலெக்ட்ரீஷியனை வைத்து, சப் மீட்டரோடு ஒரு பிளக் போட்டுக்கொள்ள வாடகைதாரர் கேட்டால், தக்க பாதுகாப்புக் காரணம் இல்லாமல் மறுக்கக் கூடாது. இதைச் சட்டத்திலேயே எழுத வேண்டும்.

இரண்டு: வண்டிக்குச் செலவாகும் யூனிட்டை வீட்டு உபயோகக் கணக்கில் சேர்க்காமல், தனி மீட்டர், ஒரே நிலையான கட்டணம். வீட்டுக்காரரின் ஸ்லாப் எகிறக் கூடாது. அவருக்கு நஷ்டம் இல்லையென்றால் தகராறில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

மூன்று: பழைய குடியிருப்புகள், வீட்டு வசதி வாரியக் குடியிருப்புகள், குறுகிய சந்துகள் உள்ள பகுதிகளில், தெருவுக்கு நான்கு பிளக்காவது மாநகராட்சி போட வேண்டும். கார் சார்ஜ் ஏற்றும் பெரிய நிலையம் நாம் கேட்கவில்லை. ஸ்கூட்டருக்கு 16 ஆம்ப் பிளக் போதும். சார்ஜ் ஏற்றிவிடுவது மின்சார விற்பனை ஆகாது, அதற்கு லைசென்ஸ் தேவையில்லை என்று மத்திய மின்துறை 2018-லேயே தெளிவாக்கிவிட்டது. டீக்கடைக்காரரும் மளிகைக் கடைக்காரரும்கூட இதைச் செய்து நாலு காசு பார்க்கலாம்.

நான்கு: மானியத்தை எல்லோருக்கும் ஒரே மாதிரி தூவுவதை விட, வண்டியை வைத்துத்தான் பிழைப்பு என்கிற டெலிவரி தொழிலாளர்கள், தெரு வியாபாரிகள், குறைந்த சம்பளக்காரர்களுக்கு வட்டி குறைந்த கடனாகக் கொடுக்க வேண்டும்.

ஒண்ணை மறைக்காமச் சொல்லணும். எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் மாற்று இல்ல. அம்பத்தூர்ல இருந்து கிண்டிக்கு நிக்க இடமுள்ள பஸ் நேரத்துக்கு வந்தா, நானே வண்டியை எடுக்க மாட்டேன். அதுக்கான போராட்டம் தொடரும். ஆனா வண்டி இல்லாம பிழைக்க முடியாதுன்னு இருக்கிற லட்சக்கணக்கான பேர்கிட்ட, பஸ் வர்ற வரைக்கும் பெட்ரோலுக்கு அழுதுகிட்டிருங்கன்னு சொல்ல முடியாது.

தோழர்களே, அடுத்த பகுதி சபைக் கூட்டம் நடக்கும்போது உங்க வார்டுல இந்தக் கோரிக்கையை எழுதி மனுவாக் கொடுங்க. உங்க தெருவுல எத்தனை வாடகை வீடு, எத்தனை ஸ்கூட்டர், கீழே எத்தனை பிளக்னு ஒரு ஞாயித்துக்கிழமை எண்ணிப் பாருங்க. அந்த எண்ணிக்கையோட போனா கவுன்சிலரால தட்டிக் கழிக்க முடியாது. சொந்த வீடு வச்சிருக்கிற தோழர்களுக்கு இன்னொரு வேண்டுகோள்: குடியிருக்கிறவங்க பிளக் கேட்டா, முதல்ல எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க. முடியாதுன்னு சொல்றதை அப்புறம் வச்சுக்கலாம்.

தோழரோட வண்டியை நேத்து திருப்பிக் கொடுத்துட்டேன். இன்னிக்குக் காலையில பாடி பங்க்ல 200 ரூபாய்க்கு பெட்ரோல் போட்டேன். மூணு வாரத்துக்கு ஆன மொத்தக் கரண்ட் செலவு கிட்டத்தட்ட அவ்வளவுதான். இந்த பெட்ரோல் நாளை மறுநாள் சாயங்காலம் வரைக்கும் வரும்.