யாருக்கும் தெரியாத பாதையா?

ஹந்தானையில் தொடங்கி நுவரெலியா வரை 22 கட்டங்கள், 300 கிலோமீற்றருக்கு மேல். பெக்கோ ட்ரெயிலில் இப்போது நடப்பவர்களோடு ஓடுபவர்களும் சேர்ந்திருக்கிறார்கள். ஓடட்டும், நல்லது. நானும் ஓடுறன். ஆனா படத்தைப் போட்டு "யாருக்கும் தெரியாத பாதை" என்று எழுதுறீங்களே, அதோடதான் எனக்குச் சண்டை. கொழுந்து கூடையோட அதுல தினமும் ஏறி இறங்குறவங்க யாரு?

வரலாற்று இடம் என்றால் உடனே இரண்டு பெயர்தான். லூல்கந்துரையில் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லர். தம்பேதன்னைக்கு மேலே உட்கார்ந்து மலையைப் பார்த்த லிப்டன். அந்த 19 ஏக்கரை டெய்லர் தனியாவா வெட்டினார்? கோப்பிக் காலத்திலிருந்தே காட்டை அழித்துப் பாதை போட்டவர்கள் தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்கள். மன்னார்ப் பக்கம் கரையேறி மாத்தளை வரை காட்டுவழியே நடந்தார்கள். வழியிலேயே கொலராவில் செத்தவர்கள் எத்தனையோ பேர். அந்த நடைக்குப் பதக்கம் கிடைக்கவில்லை. பிள்ளைகளின் குடியுரிமையையும் 1948இல் பறித்தார்கள்.

லயமும் வரலாற்று இடம்தான். ஆனா அது மியூசியம் இல்ல, ஆக்கள் இன்னும் வாழுற வீடு. கேட்காம கமெராவோட நுழையாதீங்க. வழிகாட்ட வாற தோட்டத்துப் பொடியனுக்குச் சிரிப்பு போதாது, கூலி குடுங்க. உங்களுக்குச் சாகசமா இருக்கிற அதே ஏற்றத்தை, பஸ் வராத தோட்டத்துப் பிள்ளை புத்தகப்பையோட தினமும் ஏறுது. அதுக்கு யாரும் நேரம் குறிக்கிறதில்ல.