கோசிக்கு மனநிலை இல்லை

மழைக்காலம் தொடங்கியதும் கோசி ஆற்றைப் பற்றிய சொற்களும் பெருக்கெடுக்கின்றன. அவள் சஞ்சலமானவள், கணத்தில் மனம் மாறுபவள், எப்போது சீறுவாள் என்று எவரும் அறியார். ‘பீகாரின் துயரம்’ என்னும் பட்டம் பாடநூல் வரைக்கும் ஏறிவிட்டது. இது வெறும் அலங்காரமன்று, பொறுப்பைக் கைமாற்றும் சூழ்ச்சி என்பதே என் வாதம்.

நிலையின்மையைக் குறிக்கும் சொற்களை நம் மொழிகள் எல்லோருக்கும் சமமாகப் பங்கிடவில்லை. வடமொழியில் சஞ்சலா, சபலா என்பவை மின்னலுக்கும் பெயர், திருமகளுக்கும் பெயர். செல்வத்தைத் தொலைத்தவனுக்குப் பழியில்லை, நீங்கிப்போன தேவிக்கே பழி. அதுவே ஓர் உயரதிகாரி காலையில் ஒரு முகமும் மாலையில் ஒரு முகமும் காட்டினால் அவரைச் சஞ்சல புத்திக்காரர் என்கிறோமா? ‘ஐயாவின் மனநிலை அறிந்து உள்ளே போ’ என்கிறோம். வலியவரின் நிலையின்மையைப் படித்தறிவது பிறர் கடமையாகிறது. பெண்ணுக்கும் ஆற்றுக்கும் அதுவே குணக்கேடாகிறது.

கோசியின் போக்கில் புரியாத புதிர் ஏதுமில்லை. இமயத்தின் மிக உயர்ந்த சிகரங்கள் சிலவற்றின் சரிவுகளிலிருந்து அது பெருமளவு வண்டலைச் சுமந்து வருகிறது. சமவெளியில் வேகம் குறைந்ததும் அதை இறக்கிவைக்கிறது. படுகை உயர்ந்ததும் தாழ்ந்த இடம் தேடி நகர்கிறது. சுமார் 250 ஆண்டுகளில் சுமார் 120 கிலோமீட்டர் மேற்கே நகர்ந்தது இவ்வாறுதான். எந்த ஆண்டு, எந்த இடத்தில் என்று துல்லியமாகச் சொல்லுதல் அரிது. ஏன் என்பதோ நன்றாகத் தெரிந்தது. காரணம் தெரிந்த இயக்கத்துக்கு மனநிலை என்று பெயரிடுவது அறிவுச் சோம்பல்.

1954இல் நேபாளத்துடன் ஒப்பந்தமாகி, அடுத்த ஆண்டு முதல் ஆற்றின் இருபுறமும் கரைகள் எழுந்தன. பரந்து படிய வேண்டிய வண்டல் கரைகளுக்கிடையே சிறைப்பட்டது. படுகை உயர்ந்தது. இரு கரைகளுக்கும் நடுவே நூற்றுக்கணக்கான ஊர்கள் சிக்கின. பீகாரில் கரைகளின் மொத்த நீளம் பன்மடங்கு கூடியது. ஆயினும் 1954இல் 25 லட்சம் ஹெக்டேராக இருந்த வெள்ள அபாயப் பரப்பு, 1994இல் 68.8 லட்சம் ஹெக்டேராயிற்று.

2008 ஆகஸ்ட் 18 அன்று நேபாளத்தின் குசஹாவில் கிழக்குக் கரை உடைந்தது. 9.5 லட்சம் கன அடி நீரோட்டத்தைத் தாங்குமென வடிவமைக்கப்பட்ட அமைப்பு அது. உடைந்த நாளில் ஓடிய நீர் அதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. கரையைப் பராமரிக்கும் பொறுப்போ இந்தியத் தரப்பினுடையது. பீகாரில் மட்டும் 30 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். சொல்லுங்கள், அன்று நிலைதவறியது ஆறா, பராமரிப்பா?

‘உவமைதானே, இதற்கு ஏன் இவ்வளவு சினம்?’ என்பார் உண்டு. மிதிலையின் உழவர் கோசியைத் தாய் என்று பாடுவதை நான் குறை கூறவில்லை. அவர்கள் அவளோடு வாழ்கிறவர்கள், அவள் கொணரும் வண்டலின் பயனையும் அறிந்தவர்கள். அதே உவமையை அலுவலகம் கடன் வாங்கும்போதுதான் அது தீங்காகிறது. குணம் என்று சொன்னால், பொறுத்துக்கொள்வது எப்படி என்று கேட்போம். பராமரிப்புப் பிழை என்று சொன்னால், பிழை யாருடையது என்று கேட்போம். முதற்கேள்விக்கு நிவாரணப் பொட்டலம் விடையாகும். இரண்டாவது கேள்விக்குக் கோப்புகளைத் திறந்தாக வேண்டும்.

ஆகவே அடுத்த முறை ஓர் ஆறு ‘சீறியது’ என்று படிக்கும்போது, அந்த வாக்கியத்தின் எழுவாயை மாற்றிப் பாருங்கள். மறைக்கப்பட்ட பெயர்கள் அங்கேதான் இருக்கும்.