விதைக்கும் ரோபோக்கள்: முன்பணம் கட்டலாமா?

கேள்வி: 'ஒன்றோடொன்று பேசிக்கொண்டு தானாகவே மக்காச்சோளம் விதைக்கும் ரோபோக்கள் வரப்போகின்றன, இப்போதே முன்பணம் கட்டினால் உங்களுக்கு முன்னுரிமை' என்று ஒருவர் எங்கள் உழவர் குழுவில் வந்து சொன்னார். ஆளுக்கு ஐயாயிரம் ரூபாய் கேட்கிறார். இப்படி ஒரு இயந்திரம் உண்மையிலேயே உண்டா? பணம் கட்டலாமா?

- மக்காச்சோள விவசாயி, பெரம்பலூர் மாவட்டம்.

பதில்: அப்படி ஓர் இயந்திரம் உண்டு. ஜெர்மனியின் ஃபெண்ட் டிராக்டர் நிறுவனமும் உல்ம் நகரக் கல்லூரியும் ஐரோப்பிய ஒன்றிய நிதியுதவியுடன் 'மார்ஸ்' என்ற பெயரில் ஓர் ஆராய்ச்சி நடத்தின. அதன் தொடர்ச்சியாக 2017-ல் 'சேவர்' என்ற விதைப்பு ரோபோவை ஃபெண்ட் அறிமுகப்படுத்தியது.

மார்ஸ் ரோபோ ஒன்றின் எடை சுமார் 50 கிலோதான். 45 கிலோ யூரியா மூட்டையைவிடச் சற்று அதிகம். பேட்டரியில் ஓடுகிறது. எடை குறைவு என்பதால் டிராக்டர் சக்கரம் போல மண்ணை இறுக்காது.

இவை நேருக்கு நேர் பேசிக்கொள்வதில்லை. 'கிளவுட்' என்று சொல்கிறார்களே, இணையம் வழியாக இயங்கும் தொலைதூரக் கணினி, அதுதான் இங்கே மேஸ்திரி. நிலத்தின் வரைபடம், விதை இடைவெளி, எத்தனை ரோபோக்கள் என்ற விவரங்களைக் கொடுத்தால், எது எந்த வரிசையில் போக வேண்டும் என்று அது பிரித்துக் கொடுக்கும். செயற்கைக்கோள் உதவியால் ரோபோ தன் இடத்தை அறிந்துகொள்கிறது. ஒவ்வொரு விதையும் எங்கே, எப்போது விழுந்தது என்பது பதிவாகிறது. நடுவில் ஒன்று நின்றுவிட்டால், அதன் வேலையை மற்றவற்றுக்குப் பங்கிட்டுவிடும். நடவு ஆட்களில் ஒருவர் வராவிட்டால் மற்றவர்கள் அந்த வரிசையையும் சேர்த்து நடுவதைப் போலத்தான்.

ஆனால், வெளிநாட்டில் வேலை செய்கிறது என்பதே உங்களிடம் பணம் கேட்பதற்குக் காரணம் ஆகாது. வந்தவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்.

ஒன்று, எங்கள் காட்டில் செல்போன் சிக்னல் கிடைக்காத இடத்தில் இது என்ன செய்யும்? இரண்டு, விதைப்பு நேரத்தில் பழுதானால் யார், எத்தனை நாளில் வந்து சரிசெய்வார்? மானாவாரியில் ஈரம் நமக்காகக் காத்திருக்காது. மூன்று, எங்கள் நிலத்தின் பதிவுகள் யாருக்குச் சொந்தம்? அதை வேறொருவருக்கு விற்கமாட்டோம் என்று எழுதித் தருவீர்களா?

இவற்றுக்கு எழுத்தில் பதிலும், உங்கள் மண்ணிலேயே செயல்விளக்கமும், முறையான ரசீதும் கிடைக்கும்வரை ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டாம். குழுவின் தீர்மானப் புத்தகத்திலும் இதை எழுதி வையுங்கள்.

இந்த ரோபோவிடமிருந்து இன்றைக்கே எடுத்துக்கொள்ள ஒரு பாடம் உண்டு. மண் இறுகினால் வேர் இறங்காது, மழைநீரும் உள்ளே போகாது. ஆகவே, நிலம் சேறாக இருக்கும்போது டிராக்டரை இறக்காதீர்கள். ஒரு பிடி மண்ணை உருட்டிப் பாருங்கள். உருண்டையாகி ஒட்டிக்கொண்டால் பொறுங்கள், உதிர்ந்தால் உழலாம். இதற்குச் செலவு ஏதுமில்லை.