நெஞ்செரிச்சலும் சங்கத்தின் கடிகாரமும்

நமது அங்கத்தினர்களிடையே நெஞ்செரிச்சலும் புளியேப்பமும் மிகுந்திருப்பதைச் சங்கங்களுக்குச் சென்றுவருவோர் யாவரும் அறிவர். குன்றத்தூரில் தறிக்குழியில் அமரும் நெசவாளரும், மணிமங்கலம் பக்கத்தில் கீரையும் காய்கறியும் பயிரிடும் உழவரும் இவ்விஷயத்தில் ஒன்றுபட்டிருக்கின்றனர். காரணம் கேட்டால் இரு சாராரும் மிளகாயையும் புளியையுமே குறை கூறுவர். என் கருத்து வேறு. என்ன உண்கிறோம் என்பதைவிட, எப்பொழுது உண்கிறோம், உண்டபின் உடலை எவ்வாறு வைத்துக்கொள்கிறோம் என்பதே பெரும்பாலோருக்கு முக்கியமானது. அந்த நேரத்தை நிர்ணயிப்பதில் கூட்டுறவுச் சங்கத்துக்கும் பங்குண்டு.

இரைப்பையில் சுரக்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் செரிமானத்துக்கு இன்றியமையாதது. அதன் கடுமையைத் தாங்குவதற்கு இரைப்பையின் உட்புறத்தில் கோழைப்படலம் உண்டு. உணவுக்குழாய்க்கு அத்தகைய காப்பு இல்லை. இரண்டும் கூடுமிடத்தில் வளையம் போன்றதொரு தசை, மதகுக் கதவைப்போல், உணவை இறங்கவிட்டு மூடிக்கொள்கிறது. ஏரிப் பாசனத்தில் பழகியவர்களுக்கு மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை. கதவு தளர்ந்தாலும் கசியும். நீர் அளவுக்கு மிஞ்சி அழுத்தினாலும் கசியும். பீடியும் மதுவும் எண்ணெய்ப் பண்டங்களும் அத்தசையைத் தளர்த்துகின்றன. வயிறு புடைக்க உண்பது, உடற்பருமன், கர்ப்பம், இடுப்பில் இறுக்கிக் கட்டிய உடை ஆகியன கீழிருந்து அழுத்துகின்றன. ஏற்கெனவே எரிந்து புண்பட்ட குழாய்க்குக் காரம் மேலும் துன்பம் தரும் என்பது மெய்யே. ஆனால் மிளகாயை அறவே விலக்கியும் எரிச்சல் தீராதவர்கள் பலர் இருக்கின்றனர்.

நெசவாளரின் நாளைப் பாருங்கள். பண்டிகைக்கால உருப்படிகளை முடிக்க வேண்டி இரவு பதினொரு மணிவரை நெய்கிறார். அதன்பின் நாள் முழுவதுக்குமான பசியை ஒரே வேளையில் தீர்த்துக்கொண்டு, தறியருகிலேயே பாய் விரித்துப் படுக்கிறார். நிமிர்ந்திருக்கும்போது அமிலம் தன் எடையால் கீழேயே நிற்கிறது. படுத்தவுடன் அந்த உதவி நீங்கிவிடுகிறது. பகலிலோ, உண்ட கையோடு குழியில் இறங்கி, நெய்த துணியைச் சுற்றும் மரத்தின்மேல் வயிறு அழுந்தக் குனிகிறார். உழவர் விடியலுக்கு முன் கீரைக்கட்டுகளைச் சந்தைக்கு அனுப்பிவிட்டு, வெறும் வயிற்றில் இரண்டு மூன்று தேநீர் அருந்துகிறார். பத்து மணிக்கு மேல் வயிறார உண்டவுடன் களைபறிக்கக் குனிகிறார்.

இதில் சங்கத்துக்கு என்ன சம்பந்தம் என்று காரியதரிசிகள் கேட்கலாம். காலை எட்டு மணிக்குச் சேலையுடன் வந்த அங்கத்தினர், அதை ஒப்படைத்து, கூலி பெற்று, நூல் வாங்கிக்கொண்டு புறப்படப் பிற்பகல் மூன்று மணியாகும் சங்கங்கள் உண்டு. இடம் போய்விடுமென்று வரிசையை விட்டு நகராமல் அவர் தேநீரிலேயே பொழுதைக் கழிக்கிறார். வீணான அந்த நாளை ஈடுசெய்யவே அன்றிரவு நெடுநேரம் நெய்கிறார். சிப்பந்திகள் குறைவென்ற சமாதானம் ஓரளவு நியாயமானதே. எனினும், ஊர்வாரியாக நாள் ஒதுக்குவதற்குக் கூடுதல் சிப்பந்தி எதற்கு?

நிவாரணம் தேடும் முறையும் கவலைக்குரியது. கோலி சோடா குடித்து ஏப்பம் விட்டால் சற்று நிம்மதி தோன்றும். ஆனால் அதன் வாயு இரைப்பையை உப்பச் செய்து, ஏப்பத்துடன் அமிலத்தையும் மேலேற்றுகிறது. முதுகுவலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகள் இரைப்பையைப் புண்ணாக்க வல்லவை. அதற்கு மாற்றாகப் பான்டோபிரசோல் விழுங்குவது இப்போது வழக்கமாகிவிட்டது. அது நல்ல மருந்துதான். ஆனால் எரிச்சல் கண்டபின் உண்பதால் முழுப்பயன் கிட்டாது. உணவுக்கு அரைமணி முன்பு உண்ண வேண்டும். மருத்துவரைக் கேளாமல் ஆண்டுக்கணக்கில் தொடர்வதும் தகாது.

எல்லா எரிச்சலையும் "அல்சர்" என்றழைப்பதும் பிழை. இரைப்பைப் புண்ணுக்கும் ஒரு காலத்தில் காரத்தையும் கவலையையுமே காரணமாகக் கூறினர். 1982இல் ஆஸ்திரேலிய மருத்துவர்கள் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் ஹெலிகோபாக்டர் என்னும் நுண்கிருமியைப் பிரித்தெடுத்து, அப்புண்களில் பெரும்பாலானவற்றுக்கு அதுவே காரணமென்று நாட்டினர். 2005இல் நோபல் பரிசும் பெற்றனர். மிளகாய் அப்பொழுதே ஒருமுறை விடுதலை பெற்றுவிட்டது!

தாம்பரத்தில் 1928இல் டாக்டர் சௌரி முத்து காசநோய் சானடோரியம் நிறுவிய காலந்தொட்டு, இருமல் என்றால் இப்பகுதி மக்களுக்கு அந்நோயே நினைவுக்கு வரும். இரண்டு வாரத்துக்கு மேற்பட்ட இருமலுக்குச் சளிப் பரிசோதனை செய்துகொள்வதே முதற்கடமை. அதில் ஒன்றுமில்லையெனில், இரவில் மேலேறும் அமிலமும் நாட்பட்ட இருமலையும் குரல் கம்மலையும் உண்டாக்கும் என்பதை நினைவிற்கொண்டு, எரிச்சலைப் பற்றியும் மருத்துவரிடம் கூறவேண்டும். விழுங்குவதில் தடை, காரணமின்றி உடல் மெலிதல், இரத்த வாந்தி, கரிய மலம் ஆகியவை கண்டால் ஒருநாளும் தாமதிக்கலாகாது. நெஞ்சு இறுக்கத்துடன் வியர்வையோ, இடக்கையிலோ தாடையிலோ வலியோ தோன்றினால், "கேஸ்" என்று சோடா தேடாமல் உடனே 108க்குத் தொலைபேசி செய்க. மாரடைப்பை வாயு என்று எண்ணி வீட்டிலேயே இருந்துவிட்ட குடும்பங்களின் மரண நிவாரண மனுக்கள் சங்கக் கோப்புகளில் உள்ளன.

இரவு உணவுக்கும் படுக்கைக்கும் இடையே இரண்டு மூன்று மணி நேரம் விடுவது செலவில்லாத வைத்தியம். கட்டில் உள்ளவர்கள் தலைப்பக்கக் கால்களின்கீழ்ச் செங்கல் வைத்து அரையடி உயர்த்தலாம். தலையணைகளை அடுக்கினால் வயிறு மடிந்து அழுத்தமே கூடும். பாயில் படுப்போர் இடப்பக்கமாகச் சாய்ந்து படுப்பது நலம். சங்கத்தின் பங்குக்கு, துணி ஏற்பதும் கூலி வழங்குவதும் பகல் பன்னிரண்டு மணிக்குள் முடியுமாறு ஊர்வாரியாக நாள் குறித்து, அறிவிப்புப் பலகையில் எழுதி வைக்கட்டும். பண்டிகைக்கால நூலை இரண்டு மாதம் முன்னதாகவே பகிர்ந்தளித்தால் இரவு நெசவு பெரிதும் குறையும். அடுத்த மகாசபையின் நிகழ்ச்சிநிரலில் இவ்விரண்டையும் சேர்க்குமாறு அங்கத்தினர்களே எழுத்துமூலம் கோரலாம். அதற்குத் துணைவிதிகளில் இடமுண்டு.