பழையதை அப்படியே செய்வதும் படிப்புதான்

கடந்த விடுமுறையில் நான் ஒரு ரயில் பெட்டி செய்தேன். நீளம் பத்தரை சென்டிமீட்டர். செய்து முடிக்க எட்டு வாரம் ஆனது. “காசு கொடுத்தால் இரண்டு நாளில் வீட்டுக்கே வந்துவிடுமே” என்றார் அப்பா. உடன் படிக்கும் நண்பன் கேட்டது அதைவிடக் கூர்மையான கேள்வி: “இதில் நீ புதிதாக என்ன செய்தாய்?”

புதிதாக ஒன்றுமில்லை. அதைப் பற்றித்தான் பேச விரும்புகிறேன்.

உயர்நிலைப் பள்ளியின் ‘வடிவமைப்பும் தொழில்நுட்பமும்’ பாடத்திலிருந்து இப்போது படிக்கும் பொறியியல் வரை, எங்களுக்குக் கொடுக்கப்பட்ட செய்முறைப் பணிகள் எல்லாம் ‘புத்தாக்கம்’ என்ற சொல்லோடுதான் வந்தன. ஒரு சிக்கலைக் கண்டுபிடி, யாரும் சொல்லாத தீர்வைச் சொல். ஏற்கெனவே இருந்த ஒரு பொருளை அளவு பிசகாமல் திரும்பச் செய்து வா என்று எந்த ஆசிரியரும் சொன்னதில்லை. அது வெறும் நகலெடுப்பு என்று நாமும் நினைத்துக்கொள்கிறோம்.

நான் செய்தது அமெரிக்காவின் ‘கபூஸ்’. சரக்கு ரயிலின் கடைசியில், ரயிலுக்குப் பொறுப்பான நடத்துநரும் பிரேக் ஊழியர்களும் பயணம் செய்த பெட்டி. தமிழில் கார்டு பெட்டி எனலாம். பென்சில்வேனியா ரயில் நிறுவனம் அதைக் கேபின் கார் என்றது. சிகாகோவின் பர்லிங்டன் நிறுவனம் வே கார் என்றது. நான் எடுத்துக்கொண்டது பர்லிங்டனின் 30 அடி மரப் பெட்டி. மாதிரி ரயில் ஆர்வலர்களிடம் பரவலான ‘எச்ஓ’ அளவில் ஓர் அடிக்கு மூன்றரை மில்லிமீட்டர், அதாவது 87-இல் ஒரு பங்கு. ஸ்டைரீன் தகட்டை வெட்டிச் சுவர், பித்தளைக் கம்பியை வளைத்துக் கைப்பிடி. சக்கரங்களும் இணைப்பான்களும் மட்டும் கடையில் வாங்கியவை.

கூரைக்கு மேல் ஒரு சிறிய கூண்டு இருக்கும். அதை அலங்காரம் என்று நினைத்து, வேலை எளிதாகட்டும் என்று உயரத்தைக் குறைத்து, ஜன்னலையும் சிறிதாக்கி ஒட்டிவிட்டேன். பிறகு உள்ளே ஒரு மனித உருவத்தை உட்கார வைத்தால், அவருக்கு வெளியே எதுவுமே தெரியாது! அப்போதுதான் அந்தக் கூண்டு எதற்கு என்று தேடிப் படித்தேன். அந்தக் காலத்து ரயிலில் அச்சின் முனைகள், எண்ணெயில் ஊறிய நூல்கழிவு அடைத்த உறைக்குள் சுழலும். எண்ணெய் வற்றினால் சூடேறிப் புகையும். கவனிக்காவிட்டால் அச்சு முறிந்து ரயில் தடம்புரளும். மேலே உட்கார்ந்து, முன்னால் நீளும் பெட்டிகளில் எங்காவது புகை தெரிகிறதா என்று பார்ப்பதே அந்த ஊழியரின் வேலை. கூண்டைப் பிய்த்தெடுத்து மறுபடி செய்தேன்.

உள்ளே இருக்கும் அடுப்புக்கும் ஒரு கதை உண்டு. அதைத் தரையோடு திருகாணி போட்டு இறுக்கியிருப்பார்கள். மேல்தட்டின் ஓரத்தில் சிறு வரம்பு இருக்கும். பெட்டிகளின் இணைப்புகளில் கொஞ்சம் தளர்வு உண்டு. இஞ்சின் இழுக்கும்போது அது பெட்டி பெட்டியாக இறுகிக்கொண்டே வந்து, கடைசிப் பெட்டியைச் சேரும்போது ஓர் உதையாகிவிடும். காப்பிப் பாத்திரம் பறக்காமல் இருக்கத்தான் அந்த வரம்பு. ஆட்களுக்கு வரம்பு இல்லை, விழுந்து அடிபட்டார்கள்.

இந்தப் பெட்டி எப்படி மறைந்தது என்பதுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. கூரைமேல் ஓடி ஓடிக் கையால் பிரேக் போடும் வேலையை, 1893-இன் சட்டம் கட்டாயமாக்கிய காற்று பிரேக் குறைத்தது. சரக்குப் பெட்டிகள் உயர்ந்தபோது கூண்டிலிருந்து பார்வை மறைந்தது. பக்கவாட்டில் புடைத்த ஜன்னல் வந்தது. உருளைத் தாங்கிகள் வந்தபின் அச்சு சூடாவது அரிதானது. சூட்டை அறியும் கருவிகளும் தண்டவாளத்தோரம் வந்தன. கடைசியில், வால்பகுதியின் காற்றழுத்தத்தை இஞ்சினுக்குச் சொல்லும் ஒரு சிறு கருவி. ஃபுளோரிடா ஈஸ்ட் கோஸ்ட் நிறுவனம் 1969-இலேயே அதற்கு மாறியது. 1980-களில் மற்றவையும் மாறின. அந்த வேலையை யாரும் ஒரே நாளில் ஒழிக்கவில்லை. ஜன்னல் ஜன்னலாக அதன் தேவை போனது.

ஓட்டுநர் இல்லாத வடக்கு கிழக்குப் பாதை 2003-இல் திறக்கப்பட்டது. சிறு வயதில் அதன் முன்கண்ணாடியில் மூக்கை ஒட்டிச் சுரங்கத்தைப் பார்த்தவன் நான். அந்த இடத்தில் ஒருவர் என்னவெல்லாம் கவனித்திருப்பார் என்று நினைத்ததே இல்லை. சென்ற பருவத்தில் எங்கள் குழு, மனிதர் செய்யும் ஒரு சோதனை வேலையை உணர்கருவிக்கு மாற்றும் திட்டம் ஒன்றைச் சமர்ப்பித்தது. அந்த ஊழியரின் பணிகள் என்று ஐந்து வரி எழுதினோம். நல்ல மதிப்பெண்ணும் கிடைத்தது. ஒருநாள்கூட அவரோடு இருந்து பார்க்கவில்லை. அடுப்பின் வரம்பு போன்ற ஆறாவது வரி ஒன்று இருந்திருக்குமோ என்று இப்போது உறுத்துகிறது.

முப்பரிமாண அச்சில் அரை நாளில் எடுத்துவிடலாமே என்பீர்கள். அந்தக் கோப்பை நீங்களே அளந்து வரைந்தால் தாராளமாக எடுங்கள், உழைப்பு ஒன்றுதான். இன்னொருவர் வரைந்ததைப் பதிவிறக்கினால் கூண்டு சரியான உயரத்தில் வந்துவிடும், ஏன் அந்த உயரம் என்ற கேள்விதான் வராது.

பாடத்திட்டத்தில் ஒரே ஒரு பணி போதும். பாட்டியின் முறுக்கு அச்சோ, பழைய மளிகைக் கடைத் தராசோ, ஏதாவது ஒன்றை அளந்து, அப்படியே செய்து வரச் சொல்லுங்கள். தெரியாமல் ஊகித்த இடங்களைத் தனியே குறிக்கச் சொல்லுங்கள். என் பெட்டிக்கு அடியில் உள்ள பிரேக் கம்பிகளுக்குத் தெளிவான படம் கிடைக்கவில்லை. அங்கே ஒரு துண்டுக் காகிதத்தில் ‘ஊகம்’ என்று எழுதி ஒட்டியிருக்கிறேன்.

கூரையை மட்டும் ஒட்டவில்லை, தூக்கிப் பார்க்கலாம். என்ன புதிதாகச் செய்தாய் என்று கேட்ட நண்பன் போன வாரம் வந்தபோது தூக்கிப் பார்த்தான். “அடுப்பைச் சுற்றி எதற்கு இந்த விளிம்பு?” என்றான்.