எண்ணுவது யாருக்காக?

பத்திரிகை, ரேடியோ, சினிமா, டெலிவிஷன், இன்றைய கைபேசி ஆகியவற்றைப் பற்றிய படிப்பு பல்கலைக்கழகங்களில் ஒரு தனிப் பாடமாக வளர்ந்திருக்கிறது. இந்தப் பாடத்துக்கு இரண்டு கால்கள். ஒன்று தத்துவம், மற்றொன்று ஆராய்ச்சி முறை. தத்துவம் வறட்டு விவகாரம் என்று மாணவர்களில் ஒரு சாரார் ஒதுக்குகிறார்கள். புள்ளிவிவரம் கணக்குப்பிள்ளை வேலை என்று மற்றொரு சாரார் ஒதுக்குகிறார்கள். இரு சாராரும் ஒற்றைக் காலில் நடக்கப் பார்க்கிறார்கள் என்பதே நமது அபிப்பிராயம்.

சரித்திரம் இதற்குச் சாட்சி சொல்கிறது.

ஆலை மூடிய ஊரில்

ஆஸ்திரியாவில், வியன்னா நகருக்கு அருகே மரியெந்தால் என்று ஒரு சிற்றூர். ஊருக்கே சோறு போட்டது ஒரு நூல் ஆலை. உலகப் பொருளாதார நெருக்கடியில், 1929-30ல், அந்த ஆலை மூடப்பட்டது. ஊரிலிருந்த 478 குடும்பங்களில் பெரும்பாலானவற்றில் ஒருவருக்குக்கூட வேலை இல்லை.

அப்போது வியன்னாவில் பால் லாசார்ஸ்பெல்ட் என்ற இளம் ஆராய்ச்சியாளர் இருந்தார். தொழிலாளர்கள் ஓய்வு நேரத்தை எப்படிக் கழிக்கிறார்கள் என்று ஆராய விரும்பினார். சோஷலிஸ்ட் தலைவர் ஒட்டோ பௌயர் அவரைக் கடிந்துகொண்டார். வேலையே இல்லாத காலத்தில் ஓய்வு நேர ஆராய்ச்சியா, வேலையற்றோரை ஆராயுங்கள் என்றார். லாசார்ஸ்பெல்டும் மரீ யஹோடாவும் ஹான்ஸ் ஸைசலும் தோழர்களுடன் 1931ல் மரியெந்தாலுக்குப் போனார்கள்.

வேடிக்கை பார்க்க அவர்கள் போகவில்லை. ஊருக்குப் பயன்படும் ஒரு வேலையைச் செய்துகொண்டே ஆராய வேண்டும் என்று விதி வகுத்துக்கொண்டார்கள். துணிமணி சேகரித்துக் கொடுத்தார்கள். வைத்தியர்களை அழைத்து வந்தார்கள். தையல் வகுப்பு நடத்தினார்கள். கூடவே எண்ணினார்கள். தெருவில் நடப்போரின் வேகத்தை அளந்தார்கள். பெண்கள் வீட்டு வேலைக்கு விரைந்தார்கள். ஆண்களோ வழியெல்லாம் நின்று நின்று நடந்தார்கள்.

நூலகக் கணக்கைப் புரட்டினார்கள். புத்தகம் எடுப்பதற்கான கட்டணம் ரத்தாகியிருந்தது. படிக்க நேரமும் ஏராளம். ஆனால் 1929லிருந்து 1931க்குள் எடுக்கப்பட்ட புத்தகங்கள் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருந்தன! வேலையற்றோருக்குச் சலுகை விலை இருந்தும் அரசியல் நாளேட்டின் சந்தா சரிந்தது. பொழுதுபோக்கு மிகுந்த பத்திரிகையின் சந்தா அவ்வளவு சரியவில்லை.

இந்தக் கணக்கு என்ன சொல்கிறது? வேலை பறிபோனால் கூலி மட்டும் போகவில்லை. படிக்கும் ஆவலும் அரசியலில் நம்பிக்கையும் சேர்ந்தே போகின்றன. எண்ணாதிருந்தால் இந்த உண்மை வெளிப்பட்டிருக்காது. எதை எண்ணுவது என்று காட்டிய தத்துவம் இல்லாதிருந்தாலும் வெளிப்பட்டிருக்காது.

நூல் 1933ல் வெளிவந்தது. ஹிட்லர் ஆட்சிக்கு வந்த வருஷம் அது. யூதர்களான ஆசிரியர்களின் பெயர்கள் அட்டையில் இடம்பெறவில்லை. 1936ல் யஹோடா சிறையில் தள்ளப்பட்டார்.

பச்சைப் பொத்தானும் சிவப்புப் பொத்தானும்

லாசார்ஸ்பெல்ட் அமெரிக்கா சென்றார். 1937ல் ராக்பெல்லர் நிதியத்தின் பணத்தில் ரேடியோ ஆராய்ச்சித் திட்டம் ஒன்றை நடத்தலானார். சி.பி.எஸ். ரேடியோக் கம்பெனியைச் சேர்ந்த பிராங்க் ஸ்டான்டன் அதில் கூட்டாளி. இருவரும் சேர்ந்து ஒரு கருவியை அமைத்தனர். நிகழ்ச்சி பிடித்தால் பச்சைப் பொத்தான். பிடிக்காவிட்டால் சிவப்புப் பொத்தான். தீர்ந்தது விஷயம்!

மனிதர் அவரேதான், எண்ணும் திறமையும் அதேதான். கேள்வி மட்டும் மாறிவிட்டது. மக்களுக்கு என்ன நேர்ந்தது என்று கேட்ட கணக்கு, சரக்கு எடுபடுமா என்று கேட்கத் தொடங்கியது. பணம் கொடுப்பவன் விடையைத் திருத்த வேண்டியதில்லை. கேள்வியை அவனே தேர்ந்தெடுத்தால் போதும்!

1938ல் அத்திட்டத்தில் சேர்ந்த ஜெர்மன் அறிஞர் தியோடர் அடோர்னோ இதை எதிர்த்தார். பிடிக்கிறது என்பவனுக்கு அந்தப் பிடித்தம் எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டும் என்றார். நியாயமான கேள்வி. அவரது இசைப் பகுதிக்கான மானியம் புதுப்பிக்கப்படவில்லை. ஆனால் எண்களை வெறுத்து ஒதுக்கி அவரும் நின்றுவிடவில்லை. எதேச்சாதிகாரத்துக்கு இணங்கும் மனப்பான்மை பற்றி 1950ல் வெளிவந்த பெரிய ஆராய்ச்சியில், கேள்வித்தாள்களைக் கொண்டே அவரும் பங்கு பெற்றார்.

மார்க்ஸும் அப்படித்தான். பிரெஞ்சுத் தொழிலாளரின் நிலையை அறிய 1880ல் சுமார் 100 கேள்விகள் கொண்ட கேள்வித்தாளை அவரே தயாரித்தார். கேள்வித்தாள் வியாபாரிகளின் தனிச் சொத்து அல்ல.

இன்று கணக்கு யார் கையில்?

மரியெந்தால் நூலகத்தின் பேரேடு ஊர்க்காரர்களிடம் இருந்தது. கோடிக்கணக்கான மக்கள் எதைப் படிக்கிறார்கள், எதைப் பார்க்கிறார்கள் என்ற பேரேடு இன்று ஒரு சில ஏகபோகக் கம்பெனிகளின் பூட்டுக்குள் இருக்கிறது. 2023ல் ட்விட்டர் கம்பெனி, ஆராய்ச்சியாளர்கள் இலவசமாகத் தகவல் பெற்றுவந்த வழியை அடைத்தது. பொய்ச் செய்தி பரவுவதைக் கண்டறிய உதவிய கிரவுட்டேங்கில் என்ற சாதனத்தை 2024 ஆகஸ்டில் மெட்டா கம்பெனி மூடிவிட்டது. பேஸ்புக் அதன் சொத்து என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. குற்றம் சாட்டப்பட்டவனிடமே சாட்சியத்தின் சாவி! இது என்ன நீதி?

எனவே மாணவ நண்பர்களுக்கு நாம் சொல்வது இதுதான். புள்ளிவிவரத்தைக் கசடறக் கற்றுக்கொள்ளுங்கள். கணக்குத் தெரியாதவனை எந்தக் கணக்கும் ஏமாற்றும். தத்துவத்தையும் கற்றுக்கொள்ளுங்கள், அது இல்லாதவன் பிறர் கேட்கச் சொன்ன கேள்வியையே கேட்பான். எந்த ஆய்வறிக்கையைப் பிரித்தாலும் முதலில் மூன்றைக் கேளுங்கள்: பணம் யாருடையது? கேள்வி யாருடையது? விடை யாரிடம் திரும்பிப் போகிறது?

தகவல் பேரேடுகள் பல்கலைக்கழகங்களுக்குத் திறக்கப்பட வேண்டும் என்ற கோரிக்கை மாணவர்களின் கோரிக்கை மட்டுமல்ல. எண்ணப்படுவோர் நாம். அந்தக் கணக்கைப் பார்க்கும் உரிமையும் நமக்கு உண்டு.