பெட்டி போனால் போகட்டும், பொருள் போகலாமா?

"இரண்டே நிமிஷம், மாமா! வெப் சர்வர் தயார்" என்றான் என் அக்காள் மகன்.

சொன்னபடியே செய்தும் காட்டினான். ஒரே ஒரு வரிதான் தட்டினான். கம்ப்யூட்டரில் "நல்வரவு" என்று ஒரு பக்கம் வந்து நின்றது. எனக்கு ஒரே ஆச்சரியம்!

அந்த இரண்டு நிமிஷத்தைப் பற்றித்தான் இன்று எழுதப் போகிறேன். வித்தை நல்ல வித்தைதான். அதைக் கற்றுக் கொடுக்கிற முறைதான் தப்பு என்பது என் அபிப்பிராயம். அந்தத் தப்பினால் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் திரும்பக் கிடைக்காத ஒன்றை இழந்தது. அது என்ன என்பதைப் பிறகு சொல்கிறேன்.

சர்வர் என்றால் யார்?

ஓட்டலுக்குப் போகிறோம். "இரண்டு இட்லி" என்கிறோம். சர்வர் உள்ளே போய் எடுத்து வந்து வைக்கிறார். வெப் சர்வர் செய்வதும் இதே வேலைதான். நீங்கள் செல்போனில் ஒரு பக்கத்தைக் கேட்கிறீர்கள். எங்கோ ஒரு கம்ப்யூட்டரில் இருக்கிற சர்வர் அதை எடுத்து அனுப்புகிறது.

உலகத்தின் முதல் வெப் சர்வர் 1990-ம் ஆண்டு கடைசியில் வேலை செய்யத் தொடங்கியது. சுவிட்சர்லாந்தில், செர்ன் என்ற விஞ்ஞானக் கூடத்தில், டிம் பெர்னர்ஸ் லீ என்பவர் அதை அமைத்தார். "இது சர்வர், அணைத்துவிடாதீர்கள்" என்று சிவப்பு மையில் எழுதி அந்தக் கம்ப்யூட்டரின் மேல் ஒட்டியும் வைத்தார். யாராவது தெரியாமல் அணைத்துவிட்டால் அன்றைக்கு உலகத்திலிருந்த ஒரே வெப் சர்வரும் போய்விடும் அல்லவா?

பிறகு கூட்டம் பெருகியது. அந்த நாளில் பல சர்வர்கள், ஒரு வாடிக்கையாளருக்கு ஓர் ஆள் என்ற கணக்கில் வேலை செய்தன. அவர் சாப்பிட்டு முடிக்கும் வரை அந்த ஆள் அங்கேயே நிற்பார். பத்தாயிரம் பேர் ஒரே நேரத்தில் வந்தால் என்ன ஆகும்? ரஷ்யாவைச் சேர்ந்த இகோர் சிசோயெவ் இதற்கு வழி கண்டார். சில ஆட்கள் போதும். ஒரு மேஜையில் நிற்காமல் எந்த மேஜையில் கை தூக்குகிறார்களோ அங்கே ஓடட்டும் என்று வைத்தார். அந்த சர்வரை 2004-ம் ஆண்டு வெளியிட்டார். அதன் பெயர் "எஞ்சின் எக்ஸ்". என் மருமகன் நிறுத்தியதும் இதைத்தான்.

பெட்டி வந்த கதை

அதை அவன் ஒரு பெட்டிக்குள் நிறுத்தினான். கண்டெய்னர் என்பார்கள். துறைமுகத்தில் பார்த்திருப்பீர்களே, லாரியில் வருமே, அந்த இரும்புப் பெட்டியின் பெயர்தான்.

முன்காலத்தில் கப்பலில் மூட்டை, பீப்பாய், கூடை என்று ஒவ்வொன்றாகத் தூக்கி ஏற்றுவார்கள். 1956-ம் ஆண்டு ஏப்ரல் 26-ந் தேதி, அமெரிக்காவில் மால்கம் மெக்லீன் என்ற லாரி முதலாளி 58 பெட்டிகளை நெவார்க் துறைமுகத்திலிருந்து ஹூஸ்டனுக்குக் கப்பலில் அனுப்பினார். சில்லறைச் சாமானாக ஏற்றினால் அப்போது டன்னுக்கு 5 டாலர் 83 சென்ட் கூலி. பெட்டியாக ஏற்றியதில் 16 சென்ட் கூட ஆகவில்லை என்று கணக்குப் பார்த்தார்கள்.

கம்ப்யூட்டர்க்காரர்களுக்கும் இதே தலைவலி இருந்தது. ஒரு புரோகிராம் ஓட வேண்டுமானால் அதற்குத் துணையாகப் பல சாமான்கள் வேண்டும். ஒன்று குறைந்தாலும் ஓடாது. "என் கம்ப்யூட்டரில் ஓடுகிறதே!" என்பார் எழுதினவர். "இங்கே ஓடவில்லையே!" என்பார் வாங்கினவர். சண்டைதான்!

எல்லாச் சாமானையும் ஒரே பெட்டியில் கட்டிவிட்டால் என்ன? 2013-ம் ஆண்டு மார்ச் மாதம் சாலமன் ஹைக்ஸ் என்பவர் அமெரிக்காவில் ஒரு மாநாட்டு மேடையில் ஐந்தே நிமிஷத்தில் இதைச் செய்து காட்டினார். அதன் பெயர் "டாக்கர்". துறைமுகத் தொழிலாளி என்று அர்த்தம். முதுகில் பெட்டிகளைச் சுமக்கும் திமிங்கிலம்தான் அதன் சின்னம்.

இந்தப் பெட்டி தனி வீடு அல்ல. ஒரே வீட்டில் பல குடித்தனம் மாதிரி. அறை தனித்தனி, கிணறு ஒன்று. கம்ப்யூட்டரின் அடிப்படை மென்பொருளை எல்லாப் பெட்டிகளும் பங்கு போட்டுக்கொள்கின்றன. அதனால்தான் இரண்டு நிமிஷத்தில் குடியேற முடிகிறது. கிணறு கெட்டால் எல்லாருக்கும் கேடு என்பதும் அதனால்தான்.

நடந்தது என்ன?

எங்கள் பள்ளிக்கூடத்தில் பழைய குரூப் போட்டோக்கள் நிறைய இருந்தன. பழைய மாணவர்கள் சேர்ந்து அவற்றை இணையத்தில் போட முடிவு செய்தோம். படங்களை நகல் எடுத்தது நான். சர்வர் வைத்தது மருமகன். ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் தினமும் மாலையில் வந்து உட்கார்ந்து, ஒவ்வொரு முகமாகப் பார்த்துப் பெயர் சொன்னார். "இவன் பின்னாலே தபால்காரன் ஆனான். இவன் பட்டாளத்துக்குப் போனான்" என்பார். அவர் சொல்லச் சொல்ல மருமகன் நேரே தட்டினான்.

எங்கே தட்டினான்? பெட்டிக்குள்ளே! அங்கேதான் வினை.

இந்தப் பெட்டி ஓர் அச்சிலிருந்து வார்த்த பொம்மை. பொம்மை உடைந்தால் அதே அச்சில் இன்னொன்று வார்த்துக்கொள்ளலாம். ஆனால் பழைய பொம்மையின் மேல் நீங்கள் தீட்டிய வர்ணம் புதிய பொம்மையில் வருமா? வராது.

மின்சாரம் போய் வந்தபோதெல்லாம் பக்கம் அப்படியே இருந்தது. நிறுத்தி எழுப்பினால் பெட்டிக்குள் இருப்பது அழியாது. அதனால் பையனுக்குச் சந்தேகமே வரவில்லை. ஒரு நாள் எஞ்சின் எக்ஸின் புதிய பதிப்பு வந்தது. பழைய பெட்டியை நீக்கிவிட்டுப் புதிய அச்சில் புதிய பெட்டியை நிறுத்தினான். திறந்து பார்த்தால், முதல் நாள் பார்த்த அதே "நல்வரவு"!

ஆசிரியர் காலமாகி அப்போது நான்கு மாதம் ஆகியிருந்தது.

யார் மேல் தப்பு?

"பையன் அஜாக்கிரதை, பெட்டி என்ன செய்யும்?" என்று சிலர் கேட்கலாம். பெட்டி மேல் எனக்கும் கோபம் இல்லை. தூக்கி எறியத்தக்கதாக இருப்பதுதான் அதன் சிறப்பே. பையன் மேல் முழுப் பழியையும் போடவும் எனக்கு மனம் வரவில்லை. அவனுக்குக் கற்றுக் கொடுத்தவர்கள் "இரண்டே நிமிஷம்" என்பதைத்தான் முதலில் காட்டினார்கள். பொருளை எங்கே வைப்பது என்பது பத்தாவது பாடத்தில் வருகிறது. பத்தாவது பாடம் வரை எத்தனை பேர் போகிறார்கள்? இரண்டாம் நிமிஷத்தில்தான் சர்வர் ஓடத் தொடங்கிவிட்டதே!

முதலில் பொருளுக்கு இடம் பார்க்க வேண்டும். பக்கங்களையும் படங்களையும் பெட்டிக்கு வெளியே, கம்ப்யூட்டரின் சொந்தக் கோப்புறையில் வைக்க வேண்டும். அந்தக் கோப்புறையைப் பெட்டிக்குள் தெரியும்படி இணைக்க வேண்டும். "படிக்க மட்டும்" என்று இணைத்தால் பெட்டிக்குள் திருடன் புகுந்தாலும் அதில் கிறுக்க முடியாது. பெட்டியை நிறுத்துவது அதற்குப் பிறகுதான். அதோடு இன்னொரு நகல் வேறு இடத்தில் இருக்க வேண்டும். வெளியே வைத்தாலும் டிஸ்க் ஒன்றுதானே!

வாசல் விஷயமும் உண்டு. கம்ப்யூட்டரின் 8080-ம் எண் வாசலைப் பெட்டியின் 80-ம் எண் வாசலோடு இணைப்பார்கள். வேறொன்றும் சொல்லாவிட்டால் டாக்கர் அதை ஊருக்கே திறந்துவிடும். உபுண்டுவில் நாம் வைக்கும் காவலையும் தாண்டித் திறந்துவிடும்! நம் கம்ப்யூட்டருக்குள் மட்டும் போதுமானால் வாசல் எண்ணுக்கு முன்னால் 127.0.0.1 என்று போட வேண்டும். யாரோ செய்து போட்ட அச்சை வாங்குவதிலும் ஜாக்கிரதை வேண்டும்.

"இதெல்லாம் எங்களுக்கு எதற்கு?" என்று கேட்கிறீர்களா? உங்கள் பிள்ளையின் பள்ளிக்கூடப் பக்கமோ, உங்கள் சங்கத்தின் பக்கமோ இப்படி ஒரு பெட்டிக்குள் இருக்கலாம். அதைப் பார்த்துக்கொள்கிறவரிடம், "தம்பி, பெட்டியை இப்போதே நீக்கிவிட்டால் என்ன மிஞ்சும்?" என்று கேளுங்கள். யோசித்துப் பதில் சொன்னால் விடாதீர்கள். செய்து காட்டச் சொல்லுங்கள்.

என் மருமகன் இப்போது மாதம் ஒரு முறை என் கண் முன்னால் பெட்டியை நீக்கிவிட்டு மறுபடி நிறுத்துகிறான். படங்களை நான் மறுபடி நகல் எடுத்துப் போட்டாயிற்று. பெயர்கள்தான் பாதிக்கு மேல் கிடைக்கவில்லை. அந்த முகங்களுக்குக் கீழே கோடு மட்டும் போட்டு வைத்திருக்கிறோம்.